நாலு மணி நேரக் கயிறு

வெலிங்டனில் நாங்கள் இருந்த வீட்டுக்குத் தெருவிலிருந்து 83 படி ஏற வேண்டும். புரூக்ளின் என்ற மேட்டுப் பகுதியில், சரிவோடு சரிவாக ஒட்டிக் கட்டிய மரவீடு. நியூசிலாந்தின் தலைநகரம் முழுக்கவே குன்றுகள்தான். வசதி உள்ள சிலர் தெருவிலிருந்து வாசல் வரைக்கும் சொந்தமாக ஒரு குட்டி கேபிள் கார் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது கிடையாது. இவர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வர, நான் முதலில் ஏறிப்போனேன். வீட்டுக்காரர்கள் அன்று காலைதான் ஸ்காட்லாந்துக்குப் பேத்தியைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். நாங்கள் வரும் வரைக்கும் காவல் இருந்த பக்கத்து வீட்டு அம்மா சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு மேசை மேல் ஒரு நோட்டு இருந்தது. கையால் எழுதிய 14 பக்கம். முதல் பக்கத்தில் இரண்டே வரி: பிப்பிக்குத் தைராய்டு மாத்திரை, காலை 6.30, மாலை 6.30. தவறக் கூடாது. பிப்பி 13 வயதுப் பூனை. இரண்டாம் பக்கம் மோஸைப் பற்றியது. அது 12 வயது நாய், பார்டர் கோலி கலப்பு, பின்னங்கால் இரண்டும் தளர்ந்துவிட்டன. அந்தப் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தது. மோஸை நாலு மணி நேரத்துக்கு மேல் தனியாக விட வேண்டாம்.

நான் சொல்ல வந்ததே அந்த நாலு மணி நேரத்தைப் பற்றித்தான்.

இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இப்படிப் போக ஆரம்பித்தோம். மெல்போர்னில் எங்களுக்கு வீடு இருக்கிறது. பிள்ளைகள் தனித்தனியே போய்விட்டார்கள். ஊர் பார்க்கும் ஆசை இருந்தது, ஓட்டல் அறைகளில் வாரக்கணக்கில் கிடக்கும் ஆசை இருவருக்கும் இல்லை. ‘ஹவுஸ் சிட்டிங்’ என்று ஒன்று இருப்பதை மகள்தான் சொன்னாள். அதற்கென்று இணையதளங்கள் இருக்கின்றன. வீட்டுக்காரர்களும் கட்டணம் கட்டிச் சேர்கிறார்கள், நாமும் சேர்கிறோம். பெரும்பாலும் இரண்டு தரப்புக்கும் நடுவில் பணம் கைமாறுவதில்லை. அவர்கள் ஊருக்குப் போகிற நாட்களில் நாம் அந்த வீட்டில் இருந்து பிராணிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முதலில் பக்கத்தில் இருக்கும் பல்லாரட்டிலும் ஜீலாங்கிலும் சின்னச் சின்னதாக நாலைந்து வீடு பார்த்தோம். அவர்கள் எழுதிக் கொடுத்த நல்ல வார்த்தைகளை வைத்துத்தான் வெலிங்டன் கிடைத்தது. 26 நாள்.

மகள் சொன்னபோது எனக்கு அது புதிதாகவே படவில்லை. பாவூர்சத்திரத்தில் எங்கள் ஆச்சி இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். தெருவில் யாராவது காசிக்கோ ராமேஸ்வரத்துக்கோ கிளம்பினால் சாவி ஆச்சி கைக்கு வரும். கூடவே ஒரு பசு, ஒரு கன்று. “ஆச்சி, வீட்டப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆச்சி சாயங்காலம் என்னை அழைத்துக்கொண்டு போய் அந்த வீட்டு நடுக்கூடத்தில் விளக்கேற்றுவாள். “பூட்டுன வீடு இருட்டாக் கெடக்கக் கூடாதுட்டீ” என்பாள். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி, தண்ணீர் காட்டி, கழுத்தைச் சொறிந்து கொடுத்துவிட்டுத்தான் திரும்புவாள். அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். நாங்கள் அடுத்தவர் கட்டிலில் படுத்துத் தூங்குகிறோம். வித்தியாசம் அது ஒன்றுதான்.

இதைப் படித்துவிட்டு உடனே கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் ஆஸ்திரேலியக் குடிமக்கள். 1973-இல் இரு நாடுகளுக்கும் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி நியூசிலாந்தில் போய் இருக்கவும் வேலை செய்யவும் எங்களுக்குத் தடை இல்லை. சுற்றுலா விசாவில் போகிறவர்களின் நிலை வேறு. தங்க இடம் கொடுப்பதையும் கூலியாகவே கணக்கில் எடுக்கும் நாடுகள் உண்டு, நியூசிலாந்தும் அதில் ஒன்று. சம்பளம் வாங்கவில்லையே என்று சொன்னால் எல்லையில் எடுபடாது. போகிற நாட்டின் விதியை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் டிக்கெட் போட வேண்டும். அப்புறம், சாப்பாட்டுச் சாமான். நியூசிலாந்து விமான நிலையத்தில் பொடி, ஊறுகாய், மண் ஒட்டிய செருப்பு எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கொண்டுபோய் அகப்பட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம் போடலாம். நான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். சாம்பார்ப் பொடியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கறிவேப்பிலையை நான் கொண்டுபோகவே இல்லை.

நாங்கள் சைவம். இதை வீடியோவில் முதல்முறை பேசியபோதே வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். மோஸுக்குக் காலையில் போடுவது ‘டாக் ரோல்’. கை மொத்தத்தில், முழ நீளத்தில், பிளாஸ்டிக் உறை போட்ட இறைச்சி உருளை. அந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். தினமும் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அளந்து, சதுரமாக நறுக்க வேண்டும். “உங்களால் முடியுமா?” என்று அவர் கேட்டார். முடியும் என்றேன். முதல் மூன்று நாள் வாசனை குடலைப் புரட்டியது. நாலாவது நாள், நான் கத்தியை எடுக்கும் சத்தத்துக்கே மோஸ் தளர்ந்த காலை ஊன்றி எழுந்து வந்து என் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. அன்றைக்குப் பிறகு எனக்கு வாசனை தெரியவில்லை. தனிக் கத்தி, தனிப் பலகை, பிறகு கையை நன்றாகக் கழுவிவிட்டு எங்கள் அடுப்பு. ஆச்சி இருந்திருந்தால் அவளும் நறுக்கியிருப்பாள் என்றே நினைக்கிறேன். பசித்து நிற்கிற பிராணியைக் காக்கவைப்பது அவளுக்குப் பிடிக்காது.

இனி அந்த நாலு மணி நேரம். முதல் இரண்டு நாள் அது எனக்குக் கால் விலங்காகத்தான் இருந்தது. கப்பிட்டித் தீவுக்குப் போக வேண்டும், மலை தாண்டி வைரராபா பக்கம் போக வேண்டும் என்று மெல்போர்னிலேயே பட்டியல் போட்டிருந்தேன். எல்லாம் முழு நாள் பயணம். நோட்டைப் படித்த அன்றே பட்டியல் பாதிக்கு மேல் அடிபட்டுவிட்டது. கொஞ்சம் வருத்தமாக இருந்தது என்பது உண்மை.

மூன்றாவது நாள் இவர்தான் ஒரு வழி சொன்னார். “நாலு மணி நேரத்துல ஒரே ஒரு இடம். அவ்வளவுதான். அத மட்டும் நல்லாப் பாப்போம்.” அப்படித்தான் பார்த்தோம். கேபிள் காருக்கு மட்டும் ஒரு காலை முழுக்க ஒதுக்கினோம். 1902-இலிருந்து ஓடுகிறது. கீழே லாம்ப்டன் கீ என்ற கடைவீதியிலிருந்து கெல்பர்ன் மேட்டுக்கு 120 மீட்டர் உயரத்தை ஐந்து நிமிடத்தில் ஏறிவிடும். சுற்றுலா வந்தவர்கள் மேலே ஏறிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். எங்களுக்கு மிச்சம் மூன்று மணி நேரம் இருந்தது. அதனால் லாம்ப்டன் கீயை நடந்தே பார்த்தோம். ‘கீ’ என்றால் கப்பல் அணையும் துறை. ஆனால் பக்கத்தில் கடலைக் காணோம். நடைபாதையில் பதித்த தகடுகள் 1840-இல் கரை எங்கே இருந்தது என்று காட்டுகின்றன. 1855-இல் வந்த பெரிய நிலநடுக்கம் தரையையே மேலே தூக்கிவிட்டது, அதோடு மனிதர்களும் மண் கொட்டிக் கடலைத் தூர்த்தார்கள். இன்றைக்கு வங்கிகளும் துணிக்கடைகளும் நிற்கிற தெரு ஒரு காலத்தில் அலையடித்த ஓரம். அவசரமாகப் போயிருந்தால் அந்தத் தகடுகளை மிதித்துக்கொண்டு போயிருப்பேன்.

வீட்டு நோட்டிலும் நிலநடுக்கத்துக்கு ஒரு பக்கம் இருந்தது. கொல்லையில் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கட்டிலுக்கடியில் டார்ச், தரை ஆடினால் மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிராணிகளைத் துரத்திக்கொண்டு ஓடக் கூடாது. தென்கரைப் பக்கம் சாலைகளில் நீலக் கோடு போட்டிருக்கிறார்கள். சுனாமி வந்தால் அந்தக் கோட்டைத் தாண்டி மேலே ஏறிவிட வேண்டும். மோஸோடு கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்வேன். 2004-க்குப் பிறகு நம் கரையோர ஊர்களிலும் இப்படி ஒரு கோடு போட்டிருக்கலாம்.

கடற்கரை என்றால் லயல் பே. அதன் கிழக்கு ஓரத்தில் நாயைக் கயிறு இல்லாமல் விட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே விமான ஓடுபாதை. தென்துருவப் பக்கமிருந்து வருகிற காற்று ஆளைத் தள்ளும். மற்ற இடங்களில் கயிறு அவசியம், ஏனென்றால் அந்தக் கரைகளில் கொரொரா என்கிற நீலப் பெங்குயின்கள் பாறை இடுக்கில் வாழ்கின்றன. உலகத்திலேயே சின்னப் பெங்குயின் அதுதான், ஒரு கிலோதான் இருக்கும். நாய் ஒரு கவ்வு கவ்வினால் போதும்.

இந்தக் கவலை அந்த ஊரில் எங்கும் இருக்கிறது. மனிதர் வருவதற்கு முன் நியூசிலாந்தில் வௌவாலைத் தவிரத் தரையில் வாழும் பாலூட்டியே கிடையாது. பறவைகள் பயமில்லாமல் தரையில் கூடு கட்டின, சில பறக்கவே மறந்தன. பிறகு எலியும் பூனையும் கீரிபோல் இருக்கும் ஸ்டோட்டும் வந்தன. குக் நீரிணையில் ஸ்டீவன்ஸ் தீவில் 1894-இல் கலங்கரை விளக்கம் வைத்தார்கள். அங்கே இருந்த பறக்காத சின்னக் குருவி இனம் ஒன்று, ஆட்களோடு வந்திறங்கிய பூனைகளால் சில வருடங்களிலேயே அடியோடு போய்விட்டது.

வெலிங்டனில் இதற்கு ஒரு மாற்று செய்து காட்டியிருக்கிறார்கள். அதன் பெயர் ஜீலாண்டியா. நகரத்துக்குள்ளேயே, பழைய குடிநீர்த் தேக்கம் இருந்த பள்ளத்தாக்கில் 225 ஹெக்டேர் காட்டைச் சுற்றி 8.6 கிலோமீட்டர் வேலி. ஆள் உயரத்துக்கு மேல் கம்பிவலை, அதன் உச்சியில் வெளிப்பக்கமாக வளைந்த தகரக் கூரை. பூனை ஏறினாலும் அந்த வளைவில் வழுக்கி விழும். உள்ளே போகும்போது கைப்பையைத் திறந்து சுண்டெலி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். 500 வருடத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாங்கள் பார்க்கப் போகாத காட்டுக்காக இந்த மனிதர்கள் வேலி கட்டியிருக்கிறார்கள்.

காக்கா என்று, அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் பெயர் கொண்ட பெரிய கிளி ஒன்று உண்டு. நம் காக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழுப்பு உடம்பு, இறக்கைக்கு அடியில் ஆரஞ்சுச் சிவப்பு. நூறு வருடத்துக்கும் முன்னால் இந்த ஊரிலிருந்து மறைந்துபோன அந்தப் பறவையை 2002-இல் ஜீலாண்டியாவில் விட்டார்கள். இப்போது வேலிக்கு வெளியே தோட்டம் தோட்டமாகப் பறக்கிறது. எங்கள் வீட்டு மரத்தளத்தின் கைப்பிடியில் மாலை ஐந்து மணிக்கு வந்து உட்காரும். முந்திரி கொடுக்கலாமா என்று ஆசையாக இருந்தது. நோட்டில் பதினோராம் பக்கத்தில், கூடாது என்று எழுதியிருந்தது. மனிதர் கொடுக்கும் தீனியால் குஞ்சுகளுக்கு எலும்பு வலுவில்லாமல் போகிறதாம். அதனால் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். பிப்பி கண்ணாடிக்கு உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்தால் பூனை வீட்டுக்குள்தான். அந்த விதியில் நான் ஒரு நாளும் தளரவில்லை.

மோஸ் விஷயத்தில் தவறிவிட்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை இவருக்குப் பிறந்தநாள். சேமியாப் பாயசம் வைக்கலாம் என்று கடைக்குப் போய் வந்தோம். சாமான்கள் இருந்த துணிப்பையை நாற்காலி முதுகில் மாட்டினேன். மகள் ஃபோனில் வந்தாள். பேசிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் பை தரையில் கிடக்கிறது, உலர்திராட்சைப் பொட்டலம் கிழிந்து பாதி காலி. மோஸ் உதட்டை நக்கிக்கொண்டு நிற்கிறது. நோட்டின் ஒன்பதாம் பக்கத்தை எத்தனையோ முறை படித்திருந்தேன். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், நாய்க்கு விஷம். வெங்காயமும் பூண்டும் என் சமையலில் தினமும் இருப்பதால் அதிலேயே கவனமாக இருந்தேன். திராட்சை மனதில் நிற்கவில்லை.

வழக்கமாகப் போகும் விலங்கு மருத்துவமனை மூடியிருந்தது. இரவு நேர மருத்துவமனையின் எண் நோட்டில் இருந்தது. ஃபோன் செய்தால், உடனே கொண்டு வாருங்கள், நேரம் போகப் போக வயிற்றிலிருந்து வெளியே எடுப்பது கஷ்டம் என்றார்கள். 83 படி. 22 கிலோ நாய். கட்டில் விரிப்பைத் தொட்டில்போலப் பிடித்து, இவரும் பக்கத்து வீட்டுப் பையனும் ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். நான் முன்னால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். காற்று வேறு. என் வாய் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். முழுத் திராட்சைகளாகவே வந்தன. ரத்தம் எடுத்துச் சிறுநீரகத்தைப் பார்த்தார்கள், இரவு முழுக்க டிரிப் ஏற்றினார்கள், இரண்டு நாள் கழித்து மறுபடியும் ரத்தம். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று கணக்குச் சொல்ல முடியாது என்று அந்தப் பெண் மருத்துவர் விளக்கினார். சில நாய்கள் நிறையத் தின்றும் தப்பிக்கும், சிலவற்றுக்குக் கொஞ்சமே போதும், சிறுநீரகம் நின்றுவிடும். டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று 2021-இல் அமெரிக்க விலங்கு மருத்துவர்கள் சொன்னார்கள். நம் வீடுகளில் நாய் வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: அதே அமிலம் புளியில் நிறைய இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். புளிச்சாடியை மேலே வையுங்கள். ரசம் ஊற்றிப் பிசைந்த மீதச் சோற்றை நாய்க்குப் போடாதீர்கள்.

ஸ்காட்லாந்தில் அப்போது காலை ஏழு மணி. வீட்டுக்காரம்மாவிடம் நான்தான் பேசினேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன், என் கவனக்குறைவு என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மோஸ் எப்படி மூச்சுவிடுகிறது என்று கேட்டார். அடுத்து, நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சிகிச்சைக்குச் சம்மதக் கடிதம் கிளம்பும் முன்பே மருத்துவமனையில் கொடுத்து வைத்திருந்தார். எனக்கு அந்த யோசனையே தோன்றியிருக்காது. வீடு பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் முதல் நாளே கேட்டு வாங்க வேண்டியது இந்தக் கடிதத்தைத்தான். செலவை நாங்கள் தருவதாகச் சொன்னோம். பாதிக்குப் பாதி என்று முடிவானது.

இரண்டாவது ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்தது. அந்த வாரம் நாங்கள் எங்கும் போகவில்லை. காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அதே தெருவில் மோஸோடு மெதுவாக நடப்பது மட்டும்தான். அந்த வாரத்தில்தான் தெரு எங்களுக்குப் பழக்கமானது. படி இறக்கிய பையன் வழியாக விஷயம் பரவிவிட்டது போலிருக்கிறது, முன்பின் தெரியாதவர்கள் வாசலில் நின்று மோஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். மார்ச் கடைசி, ஃபெய்ஜோவா பழம் உதிர ஆரம்பிக்கிற நேரம். முட்டை வடிவில் பச்சைப் பழம், கொய்யாவும் அன்னாசியும் சேர்ந்த மணம். மரம் வைத்திருப்பவர்கள் உதிர்ந்ததைப் பெட்டியில் நிரப்பி வேலிக்கு வெளியே வைத்துவிடுகிறார்கள், யாரும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வாசலிலும் தினம் ஒரு பை இருந்தது.

பங்குனி உத்திரத்துக்கு நியூலேண்ட்ஸ் மேட்டில் இருக்கிற குறிஞ்சிக் குமரன் கோயிலுக்குப் போனோம். குன்று ஊருக்கு ஏற்ற பெயர். இலங்கைத் தமிழர்கள்தான் கூட்டத்தில் அதிகம். மோஸ் பேருக்கு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் தெரியவில்லை, குருக்களிடம் சுவாமி நட்சத்திரம் என்று சொன்னேன்.

கடைசி வாரத்தில் தே பாப்பா அருங்காட்சியகம். வெளிநாட்டவருக்கு 35 டாலர். ஒன்றைப் பார்க்கத்தான் போனேன். 1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற கிறித்தவ மிஷனரி, வடக்கே வாங்கரே பக்கம் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கிற ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அது கவிழ்த்த மணி. அடிப்பாகம் உடைந்து, தலைப்பாகம் மட்டும் மிஞ்சியது. அதைச் சுற்றித் தமிழ் எழுத்து: ‘முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி’. அது அந்தக் கரைக்கு எப்படி வந்தது என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. நாங்கள் போன அன்று மணி காட்சியில் இல்லை. விசாரிப்பு மேசையில் இருந்த பெண் கணினியில் படத்தை எடுத்து, திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் அந்த எழுத்தை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். ஏதோ ஒரு வீட்டு அடுப்பில் தலைமுறைக்கணக்கில் கிழங்கு வெந்த பாத்திரம். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்ட அந்தப் பெண்களைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது என்று இவர் கடிகாரத்தைக் காட்டினார். அங்கே வைத்திருக்கிற ராட்சசக் கணவாயைப் பார்க்காமலேயே வீட்டுக்குப் புறப்பட்டோம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் விரிப்புகளைத் துவைத்து, அடுப்பைத் தேய்த்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் மோஸ் எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டது, பிப்பி எந்த மாத்திரையைத் துப்பிவிட்டு மறுபடி விழுங்கியது என்று தேதிவாரியாக எழுதி வைத்தேன். மிச்சமிருந்த ஃபெய்ஜோவாவைச் சீவி, கடுகு வெந்தயம் வறுத்துப் போட்டு, நல்லெண்ணெய் விட்டுத் தொக்காகக் கிளறி இரண்டு பாட்டிலில் வைத்தேன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்கு.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்காரம்மாவிடமிருந்து செய்தி வந்தது. மோஸ் நன்றாக இருக்கிறது, சிறுநீரகம் மறுபடியும் பார்த்தாகிவிட்டது, குறையில்லை. தொக்கு தீர்ந்துவிட்டது, ஃபெய்ஜோவாவும் முடியப் போகிறது, வேறு எதில் செய்யலாம் என்று கேட்டிருந்தார். பச்சை ஆப்பிளில் செய்யலாம், உப்பை மட்டும் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள் என்று எழுதினேன். அனுப்பிய பிறகு மனது கேட்காமல் இன்னொரு வரியும் அனுப்பினேன். எங்கள் ஊரில் இதைப் புளியிலும் செய்வோம், நீங்கள் செய்ய வேண்டாம்.